தெருவில் படம் எடுக்க: போன் போதுமா, கேமரா வேண்டுமா?

கேள்வி இது: "காரைக்குடியில் இருக்கிறேன். இங்கேயும் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர்ப் பக்கமும் தெருவில் படம் எடுக்க ஆசை. கையில் இரண்டு வருடப் பழைய, நடுத்தர விலைப் போன். அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கேனான் 200டி கேமராவும் அதோடு வந்த 18–55, 55–250 மிமீ ஜூம் லென்ஸ்களும் அலமாரியில் கிடக்கின்றன. எழுபதாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். நல்ல போன் வாங்கவா, புதுக் கேமரா வாங்கவா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பகல் தெருவுக்கு உங்களிடம் இருக்கும் போனே போதும். பொழுது சாய்ந்த பிறகும், வீட்டுக்குள்ளும், ஆள் அசைகிற இடத்தில் 200டி வேண்டும். ஆனால் அதில் இப்போது மாட்டியிருக்கும் 18–55 லென்ஸோடு எடுத்துப் போனால் போனைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 24 மிமீ எஃப்/2.8 பான்கேக் லென்ஸ் ஒன்று, அதாவது ஜூம் இல்லாத தட்டையான சின்ன லென்ஸ், வாங்கிக்கொள்ளுங்கள். எழுபதாயிரத்தில் பெரும்பங்கு மிஞ்சும்.

ஏன் என்று பார்ப்போம். "கேமராவில் தரம் அதிகம்" என்று பொதுவாகச் சொல்வது இந்த முடிவுக்கு உதவாது. போன் எங்கே தோற்கிறது என்று குறிப்பாகத் தெரிய வேண்டும். இருட்டும் அசைவும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் அது தோற்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சமாளித்துவிடும்.

முதலில் அசைவு மட்டும் இருக்கும் இடம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100, துளை எஃப்/16 (எண் சிறிதானால் துளை பெரிது), ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய கணக்கு. போனின் முக்கிய கேமராவுக்குத் துளை பெரும்பாலும் எஃப்/1.8-இல் நிலையாக இருக்கும், சுருக்க முடியாது. அதனால் ஐஎஸ்ஓ 50-இல்கூட வெயிலில் ஷட்டர் 1/4000 நொடிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. செக்காலை ரோட்டில் குறுக்கே வரும் சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் பிள்ளைகள், சேவல் சிறகடிப்பது எல்லாம் உறைந்து நிற்கும். நடந்து போகிறவருக்கு 1/250 முதல் 1/500 வரை இருந்தாலே தாராளம். ஆகவே பகல் தெருவில் கூர்மைக்காகக் கேமரா வாங்குவது வீண்.

அடுத்து இருட்டு மட்டும் இருக்கும் இடம். இரவு எட்டு மணிக்குக் கானாடுகாத்தானில் பூட்டிய வீட்டு முகப்பு, அதன் முன் ஒற்றைத் தெருவிளக்கு. எதுவும் அசையவில்லை. போனின் இரவு முறை ஒன்றிரண்டு நொடியில் பல பிரேம்களை எடுத்து அடுக்கி, கைநடுக்கத்தைக் கழித்து, ஒரே படமாக்கித் தருகிறது. சுவரில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நன்றாக வரும். முக்காலி இல்லாமல் 200டி-யில் இதே படத்தை இவ்வளவு சுத்தமாக எடுப்பது கஷ்டம்.

இப்போது இரண்டும் சேரும் இடம். மாலை ஏழு மணி, டீக்கடை, மாஸ்டர் கையைத் தூக்கி ஆற்றுகிறார். ஆட்டோ முறையில் போன் வெளிச்சத்துக்காக ஷட்டரைத் தாழ்த்தி, நாலைந்து பிரேமைச் சேர்க்கும். ஒவ்வொரு பிரேமிலும் கை வேறு இடத்தில் இருக்கும். சேர்க்கும்போது விரல்கள் மெழுகாகின்றன, அல்லது டம்ளருக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான டம்ளர் நிற்கிறது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ முறைக்குப் போய் ஷட்டரை 1/250 என்று கட்டாயப்படுத்தலாம். ஆனால் பல போன்களில் அப்போது பிரேம் அடுக்கும் உதவி போய்விடும், புள்ளியும் கறையுமாக நாய்ஸ் தெரியும்.

இங்கே கேமரா எவ்வளவு உதவும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் 200டி-யில் 22.3 × 14.9 மிமீ, சுமார் 330 சதுர மிமீ. நடுத்தரப் போன்களில் 1/1.56 அங்குலம் என்று குறிப்பிடப்படும் சென்சாரின் பரப்பு சுமார் 50 சதுர மிமீ. விலை கூடிய போன்களின் 1/1.3 அங்குலச் சென்சார் சுமார் 70. பரப்பில் கேமரா நாலரை முதல் ஆறரை மடங்கு பெரியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 200டி-யோடு வந்த 18–55 லென்ஸ் 18 மிமீயில் எஃப்/4-இல் தொடங்குகிறது, கொஞ்சம் ஜூம் செய்ததும் எஃப்/4.5. போன் எஃப்/1.8. துளையின் எண்ணை வர்க்கப்படுத்திக் கணக்குப் போட்டால், அந்த லென்ஸ் வழியாக ஒவ்வொரு சதுர மிமீக்கும் விழும் வெளிச்சம் போனைவிட ஐந்து, ஆறு மடங்கு குறைவு. பெரிய சென்சாரால் கிடைத்த லாபத்தைச் சிறிய துளை அப்படியே தின்றுவிட்டது. பெரிய கேமரா வாங்கியும் சாயங்காலப் படம் போன் படம் மாதிரியே இருக்கிறது என்று பலர் சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். கேமராவோடு வந்த இந்தக் கிட் லென்ஸில் அதிர்வைக் குறைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், டீ மாஸ்டர் கையை நிறுத்தாது.

எஃப்/2.8 பான்கேக் போட்டால் கணக்கு மாறும். உங்கள் போனைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடுதல் வெளிச்சம் மொத்தமாகச் சேரும். டியூப்லைட் வெளிச்சம் நன்றாக விழும் கடை வாசலில் எஃப்/2.8, 1/250, ஐஎஸ்ஓ 1600 போதும். 200டி-க்கு அது சிரமமே இல்லை. கடையைத் தாண்டி நாலு எட்டு நடந்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். அங்கே 1/125, ஐஎஸ்ஓ 3200 வையுங்கள். மெல்ல நடக்கிறவர் தெளிவாக வருவார். வேகமாக வீசும் கை கொஞ்சம் இழுபடும், அது படத்துக்குக் கெடுதலும் இல்லை. இதே இடத்தில் உங்கள் போன் அதே ஷட்டருக்குப் போனால், 200டி-யில் ஐஎஸ்ஓ 8000 வைத்த அளவுக்கு நாய்ஸ் வரும்.

50 மிமீ எஃப்/1.8 இன்னும் இருட்டைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் 200டி-யில் அது ஃபிலிம் கேமராக் கணக்கில் 80 மிமீ பார்வை தரும், மிமீ கூடக் கூடப் பார்வை குறுகும். காரைக்குடிக் கடைத்தெரு நெரிசலில் பின்னால் நகர இடமிருக்காது. அகலமான ஊர்த்தெருவுக்கும் திருவிழா இரவுக்கும் சரிவரும். முதல் லென்ஸாக அதை வாங்க வேண்டாம்.

வெளிச்சம் போகட்டும், தூரம் இன்னொரு விஷயம். அதே ஃபிலிம் கேமராக் கணக்கில் போனின் முக்கிய கேமரா 24 மிமீ அளவு அகலப் பார்வை. நிற்கிற ஒருவரைத் தலை முதல் கால் வரை செங்குத்துப் படத்தில் நிறைக்க நீங்கள் ஏறக்குறைய 1.4 மீட்டரில் நிற்க வேண்டும். 35 மிமீ பார்வைக்கு 2 மீட்டர், 50-க்கு 2.8 மீட்டர். 1.4 மீட்டர் என்பது பேசும் தூரம். முன்பின் தெரியாதவர் அவ்வளவு பக்கத்தில் போனைத் தூக்கினால் யாரும் முகம் சுளிப்பார்கள். விலகி நின்று எடுத்தால் ஆள் சுண்டைக்காயாகிவிடுவார்.

செட்டிநாட்டில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உறுத்தும். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் தெருக்கள் நேர்கோட்டில் நீளமாக ஓடுபவை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடு முழுநீளத்துக்குக் கிடக்கும். கல்யாணம், கோயில் விசேஷம், பிள்ளையார் நோன்பு என்று ஊர் கூடும் நாளைத் தவிர ஆள் நடமாட்டம் குறைவு. அகலப் பார்வையில் எடுத்தால் பிரேம் முழுக்கச் சுவரும் வானமும்தான், நடுவில் ஒரு குடை தெரியும். அதுவே படமாக அமைந்தால் சரி. இல்லையென்றால் போனில் 2 மடங்கு பொத்தானை அழுத்துங்கள், 48 மிமீக்கு வந்துவிடும். 48 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட சென்சார் என்றால் பகலில் இந்த 2 மடங்கு நம்பத்தக்கது, ஏனென்றால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்தாலே 12 மெகாபிக்சல் கிடைக்கும். தூரத்துக்கென்று தனி லென்ஸ் (டெலி லென்ஸ்) இல்லாத போனில் 3 மடங்குக்கு மேல் போகாதீர்கள். 12 மெகாபிக்சல் படத்தை 3 மடங்கு வெட்டினால் மிஞ்சுவது 1.3 மெகாபிக்சல்தான். டெலி லென்ஸ் உள்ள போனிலும் இருட்டினால், பொத்தான் 3 என்று காட்டினாலும் உள்ளே முக்கியக் கேமராவையே வெட்டிக் கொடுப்பது வழக்கம். படத்தின் விவரப் பகுதியில் எந்த லென்ஸ் என்று பார்த்தால் பிடிபடும்.

ஆள் வேண்டுமென்றால் முகப்புத் தெருவை விட்டுப் பின்வாசல் தெருவுக்கு வாருங்கள். பால்காரர், கீரைக்கூடை, கொத்தனார் சாமான், வெயிலில் காயும் வற்றல் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

இந்த ஊர் வெளிச்சத்தின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சுமார் 10 பாகை வடக்கில் இருக்கிறோம். சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணியின் முதல் பாதியிலும் உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கும், கண்குழிகள் கறுத்துவிடும். சூரியன் சட்டென்று ஏறிவிடுவதால் காலைப் பொன்வெயில் அரைமணிக்குள் முடிந்துவிடும். காலை எட்டுக்கு முன், மாலை நாலே முக்காலுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் பிழைக்கலாம். நடுவில் ஒரு விதிவிலக்கு உண்டு. தெருவின் ஒரு பக்கத்தில் பெரிய வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்து அதன்மேல் வெயில் அடித்தால், எதிர்ப்பக்க நிழல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு அந்தச் சுவரே மென்மையான விளக்கு. பத்து, பதினொரு மணிக்குக்கூட அங்கே அருமையான முகப்படம் கிடைக்கும். ஸ்டுடியோவில் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் அது.

அதே வெள்ளைச் சுவர், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை ஏமாற்றவும் செய்யும். பிரேமில் பாதிக்கு மேல் வெள்ளை வந்தால் போனும் சரி, கேமராவும் சரி, படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். முகப்பின் இருட்டிலிருந்து வெளியே வெயில் தெருவைப் பார்த்து எடுக்கும்போது எதிர்மாறாக −1. இந்த இரண்டாவது காட்சியில்தான் போனின் எச்டிஆர் தொல்லை தரும். நிழலையெல்லாம் தூக்கி, வெயிலையெல்லாம் அமுக்கி, தேக்குத் தூணும் தெருவும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதுபோல் ஆக்கிவிடும். தெருப்படத்தில் பாதி உயிர் நிழலில்தான் இருக்கிறது. கதவு நிலைக்குள் கறுப்பு உருவமாக நிற்கும் ஒருவரை நீங்கள் பார்த்தால், போன் அவர் சட்டைப் பொத்தானைக் காட்டும்.

சரிசெய்ய: தெருவில் வெயில் படும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்கில் கேமரா பகுதிக்குப் போய், 'எக்ஸ்போஷர் அட்ஜஸ்ட்மென்ட்' மாறாமல் நிற்கும்படி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் இழுக்க வேண்டாம். அப்போதும் தட்டையாக வந்தால் ரா வடிவத்தில், அதாவது போன் திருத்தாத மூலப் படமாக, எடுங்கள். சாம்சங்கில் புரோ முறை, மற்ற ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா அல்லது லைட்ரூம் செயலியின் கேமரா என்று வழிகள் உண்டு. எல்லாப் படத்துக்கும் ரா வேண்டாம். நிழல் முக்கியமான காட்சிக்கு மட்டும் போதும்.

வண்ணத்திலும் ஒரு பொறி. சிவப்பு ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையில் வெயில் விழுந்தால் அந்தச் சிவப்பு அங்கே நிற்பவர் தாடைக்குக் கீழ் ஏறும். போன் அதைச் சரிசெய்கிறேன் என்று மொத்தப் படத்தையும் பச்சையோ நீலமோ ஆக்கும். கண்டாங்கிச் சேலையின் அரக்கும் மஞ்சளும் வெயிலில் போனில் ஒரே பூச்சாக அப்பிக்கொண்டு, நெசவும் கட்டமும் மறைந்துவிடும். சிவப்பு வழிந்துவிட்டால் பிறகு மீட்க முடியாது, எடுக்கும்போதே எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் (−0.5) இறக்குங்கள். வீட்டு மாடியில் சேலை காய்கிற நாளில் சோதித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

போனை ஒருமுறை இப்படி அமைத்துவிட்டு மறந்துவிடலாம்: பவர் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் கேமரா திறக்க வேண்டும், ஒலிப் பொத்தான் ஷட்டராக வேலை செய்ய வேண்டும், விகிதம் 4:3, ஏனென்றால் முழுத்திரை விகிதம் வெறும் வெட்டல்தான், அழகுபடுத்தலும் காட்சி மேம்படுத்தலும் அணைந்திருக்க வேண்டும், கட்டக்கோடு தெரிய வேண்டும். போனை மேலே சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். சாய்க்காமல் நேராகப் பிடித்து இரண்டடி பின்னால் போங்கள். இரவில் விளக்கிலிருந்து நீளமான ஒளிக்கீற்று வருகிறதென்றால் லென்ஸில் விரல் எண்ணெய். வேட்டித் துணியால் துடைத்தால் போகும் கோளாறு அது, அதற்குப் போய்ப் போனை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

200டி-க்கு வருவோம். 24 மிமீ பான்கேக் அதில் 38 மிமீ பார்வை தரும், எடை 125 கிராம்தான். கேமராவோடு சேர்த்து அறுநூறு கிராமுக்குள் அடங்கும். பகலில் ஆட்டோஃபோகஸை நம்பாதீர்கள். தூண், கம்பி, கூட்டம் என்று நடுவில் எது வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். எஃப்/8 வைத்து, 2.5 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒன்றில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் பக்கத்தில் உள்ள விசையை எம்எஃப்-க்கு (கைவழி ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். சுமார் 1.5 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். பிறகு அழுத்தினால் உடனே படம், தேடும் நேரமே இல்லை. 2.5 மீட்டர் என்பது சராசரி ஆள் இயல்பாக நடக்கும் மூன்றரை எட்டு. வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்து கண்ணுக்குப் பழக்குங்கள். இந்த லென்ஸில் தூர அளவுகோல் இல்லை, வளையமும் மோட்டார் வழியாகத்தான் சுழலும். கேமராவை அணைத்துப் போட்டால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கலாம், மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள். தானாக அணையும் நேரத்தையும் நீட்டி வையுங்கள்.

எக்ஸ்போஷர் மேனுவலில்: வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/800. திறந்த நிழலுக்குள் போனதும் ஐஎஸ்ஓ 800, 1/400. இந்த இரண்டையும் விரல் மனப்பாடம் செய்துகொண்டால் வெள்ளைச் சுவர் மீட்டரை ஏமாற்றும் பிரச்சினையே எழாது. வீட்டுக்குள்ளும் இரவிலும் எஃப்/2.8, 1/125 அல்லது 1/250 வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள், மேல்வரம்பு 6400. அங்கே எஃப்/2.8-இல் தெளிவின் ஆழம் (முன்பின் தெளிவாக வரும் தூரம்) குறைவு, ஆட்டோஃபோகஸுக்குத் திரும்பிவிட வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் இருப்பவரைக் கீழிருந்து எடுக்கத் திரையைத் திருப்பி இடுப்பளவில் பிடிக்கலாம். இப்படித் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் இதன் ஃபோகஸ் நம்பகமானது. பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும்.

விளக்கொளி பற்றி ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கோயில் வாசலின் மின் அலங்காரத்தை வேகமான ஷட்டரில் எடுத்தால் பாதி விளக்கு அணைந்ததுபோல, அல்லது படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகளாக வரும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் மின்னணு ஷட்டரிலும் போனிலும் இது மோசம். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கிவிடுங்கள்.

"போன் என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள்" என்பது இப்போது பாதிதான் உண்மை. தெருவில் யாராவது போனைக் கிடையாகத் தூக்கினாலே வீடியோ, ரீல்ஸ் என்றுதான் நினைக்கிறார்கள், எங்கே போடப்போகிறார்களோ என்ற சந்தேகம் வருகிறது. சிறிய கேமராவோடு நிற்பவரைப் படம் எடுக்க வந்தவர் என்று ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுகிறார்கள். 55–250 மாட்டிய கேமராவைக் கண்டால் மட்டும் "எந்தப் பத்திரிகை தம்பி?" என்று வந்துவிடும். ஆளில்லாத தெருவில் மறைந்து எடுக்கவே முடியாது என்பதால் கேட்டு எடுப்பதுதான் வழி. "ஆச்சி, வெளிச்சம் நல்லாருக்கு, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தலையாட்டியதும் எடுக்கும் முதல் படம் விறைப்பாகத்தான் இருக்கும். பேசிக்கொண்டே இருங்கள், ஆச்சி பாக்கு வெட்டத் திரும்பும்போது எடுப்பது அடுத்த படம். காட்டச் சொன்னால் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவுச் சிற்பத்தையும் பூட்டையும் நெருங்கிப் போய் எடுப்பதைத் தவிர்க்கவும். பழம்பொருள் களவு பயம் உள்ள வீடுகள் அவை, காவலுக்கு இருப்பவர் கேள்வி கேட்டால் அது அவர் வேலை.

திருவிழாக்களுக்கு இதே கணக்கு செல்லாது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழாவில் பால்குடம் வரும் பாதையில் பாலும் மஞ்சள் நீரும் தெறிக்கும். 200டி-க்குத் தண்ணீர்க் காப்பு கிடையாது. நீர்க்காப்புத் தரச்சான்று உள்ள போன் இருந்தால் அன்றைக்கு அதுதான் ராஜா. உங்கள் போனுக்கு அது இல்லையென்றால் இரண்டையுமே பாலித்தீன் உறைக்குள் வையுங்கள். பால் பட்டால் காய விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போன் வேண்டவே வேண்டாம். அகலப் பார்வை லென்ஸ் என்ன செய்யும் என்றால், "இன்னும் கொஞ்சம் முன்னால் போ" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பொட்டலில் எந்தப் பக்கம் மாடு வரும் என்று யாருக்கும் தெரியாத இடம் அது. அலமாரியில் தூங்கும் 55–250-க்கு வேலை அன்றைக்குத்தான்: தடுப்புக்குப் பின்னால் அல்லது மேடையில் நின்று, 1/1000, ஐஎஸ்ஓ 400, தொடர் படம். அங்கே லென்ஸைக் கழற்றாதீர்கள். செம்மண் புழுதி சென்சாரில் ஒட்டினால் எஃப்/8-க்கு மேல் வானமெல்லாம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

கோயிலுக்குள் இரண்டுக்கும் இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ படம் வாசலுக்கு வெளியேதான், அங்கே பூக்கடையும் காவடியும் தேரடியும் போதாதா என்ன.

வெயில் காலத்தில் போனுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐபோன் வேலை செய்யப் பரிந்துரைக்கப்படும் சுற்றுவெப்பம் 35 பாகை செல்சியஸ் வரைதான். நம் ஊர்ச் சித்திரை வைகாசி அதைத் தினமும் தாண்டும். எந்தப் போனும் சூடானதும் முதலில் திரை மங்கும், பிறகு கேமரா மந்தமாகும். உச்சி வெயிலில் திரையே தெரியாமல் குத்துமதிப்பாக எடுக்க நேரிடும். வியூஃபைண்டர் உள்ள கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. போனைச் சட்டைப் பையில் வைக்காமல் துணிப்பையின் நிழலில் வையுங்கள். சூடான போனைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும்.

அச்சுப் போடுவதைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். 12 மெகாபிக்சல் படத்தை 12 × 18 அங்குலத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 220 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். வெட்ட வேண்டி வரும்போதுதான் 200டி-யின் 24 மெகாபிக்சல் கைகொடுக்கும். ஒன்று மட்டும்: அச்சகத்துக்கோ நண்பருக்கோ வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தெருவுக்கென்றே செய்யப்பட்டவை ரிக்கோ ஜிஆர் வரிசையும் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையும். ஜிஆர் 3-இன் எடை 257 கிராம், 28 மிமீ பார்வை, முன்கூட்டியே தூரத்தை அமைத்து ஒரே அழுத்தில் எடுக்கும் வசதி உண்டு. வியூஃபைண்டர் கிடையாது, பேட்டரி சீக்கிரம் தீரும், புழுதி உள்ளே போவதாகப் புகார் உண்டு. எக்ஸ்100-இல் 35 மிமீ பார்வை, எஃப்/2, வியூஃபைண்டர் எல்லாம் இருக்கிறது. புதிதாக வாங்கினால் இரண்டும் உங்கள் தொகையைத் தாண்டும். எழுபதாயிரத்துக்குள் புது மிரர்லெஸ் கிடைக்கும், ஆனால் அதோடு மறுபடியும் ஒரு கிட் லென்ஸ்தான் வரும். விலை கூடிய போன் வாங்கினாலும் பகல் படத்தில் மாற்றம் சொற்பம்.

உங்களுக்கு எது குறை என்று கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம். போன் கேலரியில் சரியாக வராத படங்களைத் திறந்து, விவரத்தில் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 1/30, 1/50, ஐஎஸ்ஓ ஆயிரத்துக்கு மேல் என்றால் இருட்டும் அசைவும் சேர்ந்த கதை, பான்கேக் லென்ஸ் உதவும். 1/500-க்கு மேல் ஷட்டர் இருந்தும் படம் பிடிக்கவில்லை என்றால் நின்ற இடமும் அழுத்திய நேரமும்தான் காரணம், எதை வாங்கினாலும் மாறாது.

லென்ஸுக்குப் பணம் கட்டும் முன் அலமாரியில் இருக்கும் 200டி-யைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் போடாதீர்கள், மாற்றுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை, அந்த லென்ஸை மற்றதோடு சேர்த்து வைக்காதீர்கள். பிறகு எஃப்/16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துக் கணினியில் பெரிதாக்குங்கள். மங்கலான கறுப்பு வட்டங்கள் இருந்தால் சென்சாரில் தூசி. கேமராவின் சுத்தம் செய்யும் முறையில் கண்ணாடியைத் தூக்கி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் மதுரையிலோ திருச்சியிலோ சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பழைய பான்கேக் வாங்குவதாக இருந்தாலும் இதே டார்ச் சோதனைதான். கூடவே 30 செமீயிலிருந்து தெருக்கோடி வரை ஆட்டோஃபோகஸ் இழுத்துப் பாருங்கள். மோட்டார் நடுவில் திக்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.